கட்டுரைக் கொப்பியில் ஒரு கடற்காகம்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழின் தொன்மை பற்றியோ பண்பாட்டின் பெருமை பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அவற்றை எழுத என்னிலும் வல்லவர்கள் இம்மலரிலேயே உள்ளனர். நான் எழுத விரும்புவது ஒஸ்லோ நகரத்துக் கடற்காகத்தைப் பற்றி. அதனை எம் பிள்ளைகள் நிழற்படம் பிடிக்க வேண்டும்; அதன் அன்றாட வாழ்வைக் கவனிக்க வேண்டும்; கவனித்ததைத் தமிழில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. இக்கருத்துக்கு மறுப்பு உண்டென்பதை அறிவேன். அதனையும் கீழே எடுத்துக் கூறுவேன்.

ஒவ்வோராண்டும் 'எனக்குப் பிடித்த பறவை' என்னும் தலைப்பில் எம் மாணவர் கட்டுரை எழுதுகின்றனர். அவற்றைத் திருத்துவது என் பணி. பெரும்பாலான கொப்பிகளில் மயில் தோகை விரித்து ஆடும். எஞ்சியவற்றில் கிளி பேசும். வாக்கியங்களிற் பெரிதாகப் பிழையிராது. ஏனெனில் அவை அம்மாவின் வாயிலிருந்தோ பழைய பாடநூலிலிருந்தோ அப்படியே இறங்கி வந்தவை. எழுதிய பிள்ளை மயிலைக் கண்டதில்லை. அப்பிள்ளை கொப்பியை மூடிவிட்டு வெளியே வந்தால் பள்ளிக் கூரையின் விளிம்பிலே கடற்காகம் நிற்கின்றது. தலையைத் தாழ்த்திப் பின் வானை நோக்கி நிமிர்த்திக் கத்துகின்றது. அதைப் பற்றிச் சொல்ல அப்பிள்ளையிடம் நோர்வேஜிய மொழியிற் சொற்கள் உள்ளன. தமிழில் ஒன்றுமில்லை.

மயிலை நான் குறை கூறவில்லை. ஆனால் இங்குள்ள வாழ்வுக்கு நோர்வேஜிய மொழி, அங்குள்ள நினைவுக்குத் தமிழ் என்று நாம் பங்கு பிரித்துக் கொடுத்தோமானால், நினைவே இல்லாத பிள்ளை தமிழை என்ன செய்யும்? இங்கே பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து நினைவு ஏது? அந்த நினைவு எமக்குரியது. எம் கையிலிருந்து வெண்ணெய்க் கேக்கைத் தட்டிப் பறித்துச் சென்ற பறவையைத் தமிழில் ஏசத் தெரியாத பிள்ளை, பத்து வகுப்பும் சித்தியடைந்தாலும் தமிழை வீட்டு வாசலிற் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே போகும்.

ஐந்திணையை நாம் மனனம் செய்விக்கின்றோம். நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் கருப்பொருளில் பறவை கடற்காகம். இதனைப் பிழையின்றி எழுதுபவருக்கு முழுப் புள்ளியும் கொடுக்கின்றோம். முழுப் புள்ளி பெற்ற மாணவனுக்குச் சன்னலுக்கு வெளியே நிற்பதுதான் அந்தக் கடற்காகம் என்று தெரியாது. மயிலும் கிளியும் குறிஞ்சிக்குரியவை. ஒஸ்லோ வளைகுடாவின் கரையில் இருந்துகொண்டு குறிஞ்சிப் பறவையைத் தேடுகின்றோம். ஐங்குறுநூற்றில் நெய்தலைப் பாடிய அம்மூவனார் அவ்வாறு செய்யவில்லை. அவர் பாடலில் 'சிறுவெண்காக்கைப் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. கரையில் நின்ற ஒரு பறவையின் அளவையும் நிறத்தையும் ஊர்க் காக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த கண்தான் அப்பெயரை இட்டிருக்க வேண்டும். அந்தப் பார்வையைப் பிள்ளைகளுக்குக் கொடாமல் பட்டியலை மட்டும் கொடுத்து வருகின்றோம்.

இனிப் பறவைக்கு வருவோம். இங்கு நாம் 'மோக்கெ' என்ற ஒரே சொல்லால் அழைப்பவை உண்மையில் ஒரே இனமன்று. நகரத்தில் எளிதிற் காணக்கூடியவற்றுள் இரண்டைப் பிரித்தறிந்தால் தொடக்கத்துக்குப் போதும். நோர்வேஜியர் 'பிஸ்கெமோக்கெ' என்பது சிறியது. ஏறத்தாழ 40 முதல் 45 சென்ரிமீற்றர் நீளமுடையது. கால்கள் பச்சை கலந்த மஞ்சள். மெல்லிய மஞ்சள் அலகில் சிவப்புப் புள்ளி இல்லை. கண் கருமையானது, அதனால் முகம் சாந்தமாகத் தோன்றும். 'குரோமோக்கெ' என்பது பெரியது. இளஞ்சிவப்புக் கால், மஞ்சட் கண், கீழலகில் ஒரு சிவப்புப் புள்ளி. அப்புள்ளியைக் குஞ்சு கொத்தினால்தான் தாய் தந்தையர் உணவைக் கக்கிக் கொடுக்கும் என்பதை ஆராய்ந்தவர் நிக்கோ டின்பேர்கன். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். கரையிலே மணிக்கணக்காகக் கிடந்து கடற்காகத்தைப் பார்த்தவர் அவர் என்பதைப் 'பறவை பார்த்துப் பயன் என்ன' என்று கேட்கும் பெற்றோர் கவனிப்பாராக.

நான் இங்குப் பேசுவது சிறிய இனத்தை. விஞ்ஞானப் பெயர் லாருஸ் கானுஸ். 1758 இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இட்டது. கானுஸ் என்றால் இலத்தீனில் நரைத்தது. வகுப்பில் நாம் இதனைச் சிறு கடற்காகம் என்று வழங்கி வருகின்றோம். முதுகும் கபில நிறமாயுள்ள பறவைகளைக் கண்டு 'அது பெண் பறவை' என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது பெண்ணன்று, பிள்ளை. ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒன்றே. குஞ்சின் கபிலம் நீங்கி முழு வளர்ச்சியின் வெண்மையும் சாம்பலும் வருவதற்கு மூன்றாம் ஆண்டு ஆகும்.

எம் ஊரிலும் கடற்காகம் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார்க் கரையிலும் குளிர்காலத்திற் காணப்படும் பழுப்புத்தலைக் கடற்காகம் நடு ஆசியாவின் உயர்நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு அங்கே வருவது. ஆகவே கடற்காகத்தின் கூட்டையோ முட்டையையோ குஞ்சையோ ஊரில் நாம் கண்டவர்களல்லர். இதை ஒரு நன்மையாகவே கருதுகின்றேன். பனையைப் பற்றியும் பூவரசைப் பற்றியும் பேசும்போது பெற்றோர் அறிந்தவர், பிள்ளை அறியாதவர். கடற்காகத்தின் குடும்ப வாழ்வைப் பொறுத்தவரை இருவரும் ஒரே வாங்கில் இருக்கும் மாணவர். 1980களில் வடக்கே பின்மார்க்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்த மூத்தவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. மீன் வள்ளத்தின் பின்னால் வெண்முகில் போல் வந்த கூட்டத்தை அவர்கள் நாள்முழுதும் கண்டவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நிழற்படம் ஏன் என்று கேட்கலாம். வெறுங்கண்ணாற் பார்த்தால் போதாதா? போதும், ஆனால் பிள்ளை பார்க்காது. கமராவை, இக்காலத்தில் கைத்தொலைபேசியை, கையிற் கொடுத்தால் பார்க்கும். படத்தில் அகப்பட்டதைப் பின்னர் பெரிதாக்கிப் பார்த்தால், கணப்பொழுதிற் கடந்துபோன செயல் நின்று விடை சொல்லும். அலகின் நுனியில் ஒரு துளி நீர் தொங்குவது படத்திற் காணப்படலாம். அது பெரும்பாலும் மழைநீரன்று. கடல்நீர் குடிக்கும் இப்பறவைகளுக்குக் கண்ணின் மேற்புறத்தில் உப்பைப் பிரிக்கும் சுரப்பிகள் உள்ளன. உப்புநீர் மூக்குத்துளை வழியாக வடிந்து அலகின் நுனியிலிருந்து சொட்டும். தலையை உதறுவதும் இதனாலேயே.

படம் பிடிப்பதிற் சில நுணுக்கங்களைச் சொல்லி விடுகின்றேன். வெள்ளைப் பறவை கருநீரின்மேல் நின்றால் கமரா நீரின் இருளைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டும். பறவை வெறுங் கடதாசித் துண்டாகிவிடும். ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்கலாம். உறைபனியின்மேல் நின்றால் இதற்கு மாறாக ஒளியைக் கூட்ட வேண்டும். இல்லாவிடில் பனி சாம்பலாகும். பறக்கும் பறவையை நிறுத்திப் பிடிக்க 1/1000 செக்கன் அல்லது அதனிலும் விரைவு வேண்டும். குனிந்து, முடிந்தால் நிலத்தில் இருந்து, பறவையின் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுக்கும் படத்தில் முதுகும் தார்வீதியுமே இருக்கும்.

காற்றைக் கவனிக்கப் பழகுதல் எல்லாவற்றிலும் முக்கியம். கடற்காகம் காற்றை எதிர்கொண்டே எழும்பும், காற்றை எதிர்கொண்டே இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமாக இருக்க நின்றால், இறங்கும் பறவை முகத்தைக் காட்டி உங்களை நோக்கி வரும். ஒரு கூட்டம் முழுவதும் ஒரே திசை நோக்கி, ஒற்றைக் காலில் நிற்கக் கண்டால் அத்திசையிலிருந்தே காற்று வீசுகின்றது என அறியலாம். மற்றக் காலை இறகுக்குள் மறைத்திருப்பது வெப்பத்தைக் காப்பதற்காக. நொண்டிப் பறவை என்று இரங்கிப் பாண் போட வேண்டியதில்லை. பாண் எதற்காகவும் போட வேண்டியதில்லை. படத்துக்காக உணவு எறிந்தால் நாம் காண்பது எறிந்த பாணுக்கு அடிபடும் பறவையை மட்டுமே. அதன் இயல்பான வாழ்வை அன்று.

இயல்பு எதுவென்றால், மழை பெய்து ஓய்ந்த காலையில் உதைபந்தாட்டத் திடலுக்குப் போய்ப் பாருங்கள். சிறு கடற்காகம் புல்லின்மேல் ஓரிடத்தில் நின்று இரு கால்களையும் மாறி மாறி விரைவாக மிதிக்கும். முன்னே நகராது. மிதித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காலடியைப் பார்க்கும், பின்னும் மிதிக்கும். நடனமாடுகின்றது என்று சிறுவர் சிரிப்பர். மிதியின் அதிர்வினால் மண்புழு மேலே வருகின்றது. அதனைக் கொத்தி இழுத்து விழுங்குகின்றது. அதிர்வைக் கேட்ட புழு, நிலத்தடியில் அகழ்ந்து வரும் பகை விலங்கு நெருங்குவதாக உணர்ந்து வெளியே ஓடுகின்றது என்பது ஒரு விளக்கம். நிலம் அதிர்ந்தால் புழுக்கள் இவ்வாறு வெளிவரும் என்ற கருத்தைச் சார்ள்ஸ் டார்வின் 1881 இல் மண்புழுக்கள் பற்றி எழுதிய நூலிலேயே எடுத்துக் கூறியுள்ளார். இக்காட்சியை 1/1000 செக்கனிற் பிடித்தால் சும்மா நிற்கும் பறவையின் படமே கிடைக்கும். 1/60 இற்கு இறக்கிப் பிடித்தால் உடல் தெளிவாகவும் கால்கள் கலங்கியும் விழும். கலங்கிய படமே உண்மையான படம் என்பேன். மாணவர் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்பொழுது மொழிக்கு வருகின்றேன். இந்த ஒரு காட்சியை எழுதப் பிள்ளைக்கு எத்தனை சொற்கள் வேண்டும்? அலகு, விரலிடைச் சவ்வு, மிதித்தல், கொத்துதல், கவ்வுதல், இழுத்தல், விழுங்குதல், கக்குதல், உதறுதல், தத்துதல், வட்டமிடுதல். இறகு வேறு, சிறகு வேறு. சிறகையே எம்மூரிற் செட்டை என்போம். பறவை அலகினால் இறகை ஒவ்வொன்றாக நீவிச் சீர்செய்வதற்குத் தமிழில் 'கோதுதல்' என்ற தனிச்சொல் உண்டு. வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகிற் பூசுவதும் கோதுதலின்போதே. முட்டையின் ஓட்டுக்கும் 'கோது' என்றே பெயர். ஒரு மாணவி, 'அப்படியென்றால் பறவை கோதுக்குள்ளிருந்து வந்து கோதக் கற்கின்றதா?' என்று கேட்டாள். சிலேடை என்னும் அணியை அவளுக்கு நான் கற்பிக்கவில்லை. தானே வந்தடைந்தாள்.

தந்தையார் ஒருவரின் மறுப்பை இங்கே தருகின்றேன். "மாஸ்ரர், கிழமைக்கு இரண்டரை மணித்தியாலந்தான் தமிழ் வகுப்பு. அதுக்குள்ள குருவி பாக்கப் போனால் இலக்கணம் எப்ப படிப்பிக்கிறது? சோதினைக்குக் கடற்காகமே வரப்போகுது?" நியாயமான கேள்வி, எள்ளலாக அவர் கேட்கவில்லை. இரவு வேலை முடித்துவிட்டு உறங்காமற் பிள்ளையை வகுப்புக்கு அழைத்து வருபவர் அவர். அவருக்கு நான் கூறிய விடை இதுவே. ஒரு கடற்காகம் வந்தது. மூன்று கடற்காகங்கள் வந்தன. இந்த ஒருமை பன்மை வேறுபாட்டைக் கரும்பலகையில் ஆண்டுக்கணக்காக எழுதுகின்றோம். பிள்ளைகள் 'பறவைகள் வந்தது' என்றே எழுதுகின்றனர். தான் எடுத்த படத்தில் மூன்று பறவைகள் நிற்பதைக் கண்ணாற் கண்டு எழுதும்போது 'நின்றன' என்ற முடிபு தேவையாகின்றது. வன்னியில் இடப்பெயர்வுக் காலத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தியவன் நான். மாணவரின் கண் பலகையை விட்டுக் கிளைக்குப் போகும். போன கண்ணைத் திருப்பி இழுப்பதைவிட, கண்டதைச் சொல்லச் சொன்னால் இலக்கணம் விரைவில் வந்தது. ஆயினும் நேரம் குறைவு என்ற அவர் கூற்றை ஏற்றுக்கொள்கின்றேன். ஆதலால் கவனிப்பது வீட்டில்; வகுப்பிற் பத்து நிமிடம் வாசிப்பது மட்டுமே.

இன்னொரு மறுப்பு வேறு வகையானது. 'அது அழுக்குப் பறவை. கத்தும், காருக்கு மேல் எச்சமிடும், தலையிற் கொத்த வரும்' என்பர். கொத்த வருவது உண்மை. ஏப்பிரலில் சோடிகள் கூடி, மே மாதத்தில் நிலத்திலோ பாறையிலோ தட்டைக் கூரையிலோ பெரும்பாலும் 3 முட்டைகள் இடும். இருபறவைகளும் மாறி மாறி ஏறத்தாழ 25 நாட்கள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறக்க ஐந்து வாரங்கள் வரை செல்லும். அந்த ஐந்து வாரமுமே அது மனிதரை நோக்கிப் பாய்வது. கூரையிலிருந்து தவறி விழுந்த குஞ்சு பற்றைக்குள் ஒளிந்திருக்கும்; தாய் தந்தையர் அங்கேயே வந்து ஊட்டும். அநாதை என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாகாது. அவ்வழியே போகத்தான் வேண்டுமானால் குடையொன்றை விரித்துச் செல்லுங்கள். உயரமாயுள்ளதையே அது தாக்கும்.

'வந்து குவிந்துவிட்டன, நகரம் நிறைந்துவிட்டது' என்று அடுக்குமாடிக் கூட்டங்களிற் பேசப்படுகின்றது. எம்மவரும் அதற்குத் தலையசைக்கின்றனர். இச்சொற்களை வேறோரிடத்தில், வேறெவரைப் பற்றியோ, நாம் கேட்டதில்லையா? அதுவும் நிற்க. நோர்வேயின் இனத் தகவல் வங்கி 2021 இல் வெளியிட்ட செம்பட்டியலில் சிறு கடற்காகம் அழியும் இடருக்குட்பட்ட இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. பெரிய குரோமோக்கெயும் அவ்வாறே. கருந்தலையுடைய 'ஹெத்தெமோக்கெ' அதனிலும் கடுமையான நிலையில் உள்ளது. கரையோரக் கூடுகளை மிங்க் என்னும் கீரி போன்ற விலங்கு சூறையாடுகின்றது. அது உரோமப் பண்ணைகளுக்கென அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்டுத் தப்பிப் பெருகியது. உணவும் குறைந்து வருகின்றது. நகரக் கூரைகள் பல இணைகளுக்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றியுள்ளன. கூரையில் நாம் காணும் கூட்டம் பெருக்கத்தின் அடையாளம் அன்று. 2009 ஆம் ஆண்டின் இயற்கைப் பன்மைச் சட்டப்படி கூடும் முட்டையும் பாதுகாக்கப்பட்டவை. இரவோடிரவாகக் கூட்டைத் தள்ளிவிடலாம் என்று எவரேனும் யோசனை கூறினால் இதனை எடுத்துரையுங்கள். அதனை எடுத்துரைக்கும் முதல் ஆள் ஒரு தமிழ்ப் பிள்ளையாயின் நான் மகிழ்வேன்.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. 2023 கோடையில் பின்மார்க்கின் வாட்சோ நகரில் பறவைக் காய்ச்சலால் கடற்காக இனமொன்றைச் சேர்ந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இறந்து கிடக்கும் பறவையைப் பிள்ளைகள் படம் எடுக்கலாம், தொடுதல் கூடாது.

என் வேண்டுகோள் பெரிதன்று. குளிர்காலத்தில் இப்பறவைகளுட் பெரும்பாலானவை டென்மார்க், பிரித்தானியா போன்ற வடகடற் கரைநாடுகளுக்குச் சென்றுவிடும். மார்ச்சு, ஏப்பிரலில் திரும்பும். அவை திரும்பும் நாள் தொடங்கிக் கோடை விடுமுறை வரை, மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓரிடத்தைத் தெரிந்துகொள்க. சன்னலோ, பேரூந்துத் தரிப்பிடமோ, கப்பற்றுறையோ எதுவாயினும் சரி. கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம். ஒரு படம், ஐந்து வாக்கியம். இருநூறு படம் எடுத்து வருபவரிடம் ஒன்றைத் தெரிந்துதரச் சொல்வேன். காலில் எழுத்தும் இலக்கமும் பொறித்த வளையம் படத்தில் தெரிந்தால் அதனைக் குறித்துக்கொள்க. அப்பறவை எங்கே, எந்த ஆண்டில் வளையமிடப்பட்டது என்பதைக் கண்டறியலாம். ஒஸ்லோ வளைகுடாவின் பறவைச் சரணாலயத் தீவுகளுக்கு ஏப்பிரல் 15 முதல் யூலை 15 வரை எவரும் இறங்கலாகாது. வள்ளம் வைத்திருக்கும் பெற்றோர் இதனை மனங்கொள்க. கூட்டுக்கு அண்மையிற் சென்றும் படம் எடுக்க வேண்டா. பறவை எழும்பிக் கத்தினால் நாம் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிக் கிட்டிவிட்டோம்; பின்வாங்க வேண்டும். கமராவோ கைத்தொலைபேசியோ இல்லாத சிறு வகுப்புப் பிள்ளைகள் பென்சிலால் வரையலாம். அவர்கள் வரையும் காலின் நிறம் பிழையானால்தான் புள்ளி குறைப்பேன்.

வகுப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்துள்ளேன். வசந்தத்தின் முதற் சிறு கடற்காகத்தைக் காண்பவர், அது பிள்ளையாயினும் பெற்றோராயினும், நாளையும் இடத்தையும் அதில் தமிழில் எழுதி, கீழே தம் பெயரையும் இடுக.